வண்டன்மேட்டு வீடும் வாகமண் பேக்கரும்

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. காரணம் வீடு. மஸ்கட் வாடகை வீடு இல்லை, வண்டன்மேட்டில் அப்பா கட்டிய வீடு. (புதிதாக வருகிறவர்களுக்கு: கம்பத்திலிருந்து மலையேறினால் வருகிற ஏலக்காய் ஊர், இடுக்கி மாவட்டம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம்.)

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, முட்டி வலி. கூரை ஒழுகுகிறது. இடித்துக் கட்டிவிடலாம் என்று தம்பி ஒருவரிடம் பிளான் வாங்கி அனுப்பினான். மூன்று பெட்ரூம், போர்ட்டிகோ, முன்னால் இரண்டு தூண். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வரைந்தவர் எங்கள் நிலத்தைப் பார்த்ததே இல்லை. பின்னால் சரிவு இருக்கிறதே என்று கேட்டதற்கு, "ஜேசிபி விட்டு வெட்டிரலாம்" என்றாராம். 2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கியில் மண் சரிந்ததைப் பார்த்த யாருக்கும் அதற்குப் பிறகு தூக்கம் வராது.

வீட்டுக்கடன் பைல்களோடு பல வருடம் குப்பை கொட்டியவன் நான். எஸ்டிமேட், வில்லங்கச் சான்று, லீகல் ஒப்பினியன் எல்லாம் வரிவரியாகப் பார்ப்போம். பிளான் என்பது அதோடு பின் அடித்த ஒரு தாள், அவ்வளவுதான். அதை யார் வரைந்தார், எதைக் கேட்டு வரைந்தார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்க வைத்தவர் லாரி பேக்கர்.

பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர், அங்கேயே கட்டடக்கலை படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவ சேவை செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தார். அங்கே காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருள் ஐந்து மைலுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை பேக்கர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1945-ல் தொழுநோயாளிகளுக்கான வேலைக்காக இந்தியா வந்தார். 1948-ல் கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலையில் பித்தோராகரில் பதினைந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். பள்ளிக்கூடத்தில் படித்தது அங்கே உதவவில்லை, மலை ஜனங்கள் கல்லையும் மரத்தையும் வைத்துக் கட்டியதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்பார்.

பலருக்குத் தெரியாதது அடுத்த பகுதி. 1963-ல் அந்தத் தம்பதி வந்து சேர்ந்தது வாகமண்ணுக்கு. எங்கள் ஊரிலிருந்து கட்டப்பனை, ஏலப்பாறை வழியாகப் போனால் வந்துவிடும். அம்மா ஆஸ்பத்திரியைப் பார்க்க, ஐயா கட்டட வேலை. திருவனந்தபுரம் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான். 1971-ல் உள்ளூரில் (ஊர்ப் பெயரே அதுதான்!) வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டினார். குன்றை வெட்டிச் சமப்படுத்தாமல் சரிவோடு சரிவாக, மரங்களை விட்டு விலகி வளைந்து போகும் கட்டடங்கள். தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சுருள்சுருளாக ஏறும் காபி ஹவுஸும் அவர் கைவேலை.

செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவார். 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். ஒன்பது அங்குலச் சுவர்தான், கல் கால்வாசி மிச்சம், நடுவில் இருக்கிற காற்று வெயிலையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் சுமை தாங்க வேலையில்லாத இடத்தில் பழைய ஓட்டைப் பதித்துவிடுவார். அந்த அளவுக்கு சிமென்ட் மிச்சம். இதெல்லாம் கணக்குப் படித்தவனுக்குப் பிடித்துப்போகும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேக்கர் பாணி என்று பூசாத செங்கல் சுவரை எங்கள் மலையில் கட்டினால் ஜூன் மழையில் பாசிதான் பிடிக்கும். செங்கலே தேனிப் பக்கமிருந்து லாரியில் மலையேற வேண்டும். அப்புறம் ஐந்து மைல் எங்கே போயிற்று? அவர் சுவரைக் காப்பியடிப்பது வேறு, அவர் வேலை செய்த முறையைப் பிடிப்பது வேறு. முதலில் நிலத்தைப் பார்ப்பார். குடியிருக்கப் போகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவார். கிடைத்த தாளில் வரைவார். கட்டும்போது கொத்தனாரோடு சைட்டில் நின்று மாற்றுவார். செலவைக் குறைப்பது பற்றி அவர் படம் போட்டு எழுதிய சிறு புத்தகத்தில், சரிவு நிலத்தில் வெட்டாமல் வீட்டை எப்படி உட்கார வைப்பது என்றும் வரைந்திருக்கிறார். அந்தப் பக்கத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். 1985-ல் அச்சுத மேனன், கே.என். ராஜ் போன்றவர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு, 2007-ல் அவர் காலமான பிறகும் நடக்கிறது.

நாட்டில் வீடு கட்டப்போகிறவர்களுக்கு இன்னொன்று. 1972 சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், தப்பில்லை. எண் இருந்தால் மட்டும் போதாது, நிலத்துக்கு வருவாரா என்றும் கேளுங்கள்.

போன ஜூலையில், நல்ல மழையில், திருச்சூரிலிருந்து ஒரு பெண் ஆர்க்கிடெக்ட் வந்து பார்த்தார். நான் வீடியோ காலில். அவர் முதலில் போனது வீட்டுக்குள் இல்லை, பின்னால் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்க்க. அப்புறம் அம்மாவிடம், "மழைக்காலத்தில் துணி எங்கே காயப்போடுவீங்க?" என்றார். "பழைய ஸ்டோர்லதான் தாயி, ஏலக்கா காயற சூட்டுல" என்றார் அம்மா. அந்த ஸ்டோர் தம்பி அனுப்பிய பிளானில் கார் நிறுத்தும் இடம்.

வீட்டை இடிக்கவே வேண்டாம், கூரையை மாற்றி ஸ்டோரைக் கீழ்த்தள பெட்ரூமோடு சேர்த்துவிடலாம், அப்பா படியேற வேண்டியதில்லை என்கிறார் அவர். தம்பிக்கு இன்னும் மனசில்லை. "ஊர்க்காரன் என்னண்ணே சொல்லுவான், வெளிநாட்டுல இருந்துட்டுப் பழைய வீட்டுக்குப் பூச்சுப் பூசுறாங்கன்னு" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அங்கே இருக்கப்போவது அவன்தானே. மழை விட்டதும் ஊருக்குப் போகிறேன். அப்பாவை நடுவில் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும்.