வேலையின்மையும் இனப்பகைமையும்: கொழும்பு, 1933 – ஒரு சமூகவியல் நோக்கு

வேலையின்மையைத் தனிமனிதனின் சோம்பலாகவோ தகுதிக் குறைவாகவோ கருதும் போக்கு எம்மிடையே இன்னும் மறைந்துவிடவில்லை. இப்போக்கை மறுத்த சமூகவியலாளருள் சி. ரைட் மில்ஸ் முக்கியமானவர். நகரொன்றில் ஒருவன் மட்டும் வேலையற்றிருப்பின் அது அவனது சொந்த இடர். உழைப்பாளருள் பெருந்தொகையினர் வேலையற்றிருப்பின் அது சமூக அமைப்பின் பிரச்சினை என 1959 இல் அவர் வேறுபடுத்திக் காட்டினார். ஆயின், கொழும்பின் வரலாறு மூன்றாவது நிலையொன்றையும் எமக்கு உணர்த்துகின்றது. வேலையின்மை சொந்த இடராகவுமன்றி, அமைப்பின் பிரச்சினையாகவுமன்றி, அயலானின் குற்றமாகக் காட்டப்படும் நிலையே அது.

கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை முதலிய துறைமுகஞ்சார் பகுதிகளில் பல இனத்து உழைப்பாளரும் அருகருகே வாழ்ந்தனர். 1922 இல் ஏ. ஈ. குணசிங்க தோற்றுவித்த இலங்கைத் தொழிலாளர் சங்கம் இவர்களை ஒன்றுதிரட்டியது. 1923 ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தமும் 1927 ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தமும் அவ்வொற்றுமையின் வெளிப்பாடுகளே.

1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இந்நிலையை மாற்றியது. தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்தன. ஏற்றுமதியை நம்பியிருந்த நகரில் வேலைகள் சுருங்கின. வேலையற்றோர் பெருகுமிடத்து வேலையிலிருப்போரின் கூலியும் தாழும் என்பதையே மார்க்ஸ் 'கைத்தொழிற் சேமப்படை' என்ற கருத்தினால் விளக்கினார். நெருக்கடியின் காரணங்கள் உலகச் சந்தையிலும் குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்திலும் இருந்தன. தெருவில் கண்ணுக்குத் தெரிந்தவனோ மலையாளித் தொழிலாளி. ஒருகாலத்தில் தொழிலாளரை ஒன்றிணைத்த குணசிங்கவே, தமது 'வீரய' பத்திரிகை வாயிலாக மலையாளி எதிர்ப்புப் பிரசாரத்தை முன்னெடுத்தார்.

1933 இல் வெள்ளவத்தை நூல் நூற்றல், நெசவு ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அங்கு உழைத்தோருட் பெரும்பான்மையினர் இந்திய வம்சாவளியினர். குணசிங்க வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்றார். வேலையற்ற சிங்களத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முறியடிக்கும் கருவியாயினர். இதற்கு மாறாக, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரி இளைஞர் ஆலைத் தொழிலாளரின் பக்கம் நின்றனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தோர் இக்குழுவினரே.

அதே 1933 இல் ஒஸ்திரியாவின் மரியந்தால் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. நெசவாலை மூடப்பட்ட அச்சிற்றூரை ஆராய்ந்த மரி யஹோடா, லாசர்ஸ்பெல்ட், சைசல் ஆகியோர், ஓய்வு பெருகியும் மக்கள் நூலகத்தில் முன்னரைவிடக் குறைவாகவே நூல்களைப் பெற்றனர் எனக் கண்டனர். வேலையின்மை அங்கு விரக்தியை விளைவித்தது; கொழும்பிலோ பகைமையை விளைவித்தது. மனித மனம் இரண்டிடங்களிலும் ஒன்றே. கொழும்பிற் பல இனத்தவர் கலந்து வாழ்ந்தமையும் இவ்வேறுபாட்டை முற்றாக விளக்காது. 1927 இலும் அவர்கள் அவ்வாறே வாழ்ந்தனர். இடையில் மாறியவை இரண்டு: ஒன்று நெருக்கடி, மற்றையது அந்நெருக்கடிக்குத் தலைமை அளித்த விளக்கம்.

அவ்விளக்கம் பின்னர் அரச கொள்கையாயிற்று. 1939 இல் அரச திணைக்களங்களின் நாட்கூலி இந்தியத் தொழிலாளரை விலக்க அமைச்சர் சபை முடிவு செய்தது. ஏற்றுமதியில் தங்கிய பொருளாதாரமோ மாறவில்லை. 1956 ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தால் அரச உத்தியோகமும், 1971 இல் தொடங்கிய தரப்படுத்தலால் பல்கலைக்கழக அனுமதியும் இனங்களுக்கிடையிலான பங்கீட்டுப் போட்டியாயின. வெள்ளவத்தையின் தமிழ் மத்தியதர வர்க்கம் இதனை நேரில் அனுபவித்தது. ஆயினும் பெரும்பான்மை இனத்து இளைஞரின் வேலையின்மையும் தீரவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியும், கற்ற இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் கிடைக்கும் தொழில்களுக்குமிடையிலான இடைவெளியை அதே ஆண்டில் சுட்டிய டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலாளர் தாபனக் குழுவின் அறிக்கையும் இதற்குச் சான்றாகும்.

வெள்ளவத்தை ஆலை இன்று இல்லை. எனினும் அது எழுப்பிய வினா எஞ்சியுள்ளது. வேலையின்மையை ஆராய்வோர் வேலையற்றோரின் தொகையை அறிவதுடன் அமைதல் ஆகாது. அதற்கு யார் காரணமென அவர்களுக்குச் சொல்லப்படுகின்றது, அவ்வாறு சொல்வதால் நன்மையடைவோர் யாவர் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும்.