தறியட்டையும் அரபுத் தமிழும்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி மாநகரில், முன்னாளில் ‘அடை’ என்னும் நூற்கட்டு முறையால் பூவேலை செய்த நெசவாளர் பெருமக்கள் பிற்காலத்தில் ஜக்கார்டு பெட்டியைக் கைக்கொண்டனர். பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-இல் உருவாக்கிய சாதனம் அது. அட்டையில் துளையிட்ட இடத்தில் பாவு நூல் உயரும். துளையில்லாத இடத்தில் தாழ்ந்து நிற்கும். அட்டையில் ஏறாத உருவம் சேலையில் வராது.

கணினியின் வரலாற்றிலும் இவ்வட்டைக்கு இடமுண்டு. இங்கிலாந்து அறிஞர் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இதனையே நாடினார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு, ஹாலரித் அமைத்த துளையட்டைப் பொறியால் தொகுக்கப்பட்டது. இன்று துளையட்டை மறைந்துவிட்டது. கணினியோ மொழிபெயர்க்கவும் வினாவுக்கு விடையளிக்கவும் கற்றுவிட்டது. எனினும் பழைய விதி மாறவில்லை. எம்மொழியின் நூல்கள் எழுத்தெழுத்தாக அதனுள் மிகுதியாக ஏற்றப்பட்டுள்ளனவோ, அம்மொழியையே அது நன்கு அறியும்.

கோடிக்கணக்கான மக்கள் பேசும் உர்தூவும் பஷ்தூவும் கணினியுலகில் வறிய மொழிகளாக எண்ணப்பட்டதன் காரணம் இதுவே. உர்தூவின் நஸ்தலீக் எழுத்து சாய்ந்தும் பிணைந்தும் செல்வதாகலின் ஈய அச்சுக்கு எளிதில் அடங்கவில்லை. காதிபுகளின் கையெழுத்தே கல்லச்சில் ஏறிற்று. சென்னையில் 1927-இல் தோன்றிய ‘முஸல்மான்’ உர்தூ நாளிதழ் இருபத்தோராம் நூற்றாண்டிலும் கையால் எழுதப்பட்டு வெளிவந்தது. 1981-இல் ‘நூரி நஸ்தலீக்’ வந்த பின்னரே அவ்வெழுத்து கணினி அச்சில் புகுந்தது. கூகுள் மொழிபெயர்ப்பில் உர்தூ 2010-இலும், தமிழ் 2011-இலும், பஷ்தூ 2016-இலும் இடம்பெற்றன.

நம் முன்னோர் விட்டுச்சென்ற அரபுத் தமிழின் நிலை இவற்றினும் இரங்கத்தக்கது. தமிழின் ப, ட, ங போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. ஆகவே அரபி எழுத்துகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் புதிய வடிவங்களை அவர்கள் அமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியார்கள் மார்க்கச் சட்டங்களையும் வாழ்வு நெறிகளையும் இவ்வெழுத்தில் வடித்தனர். பெண்மக்களும் வீட்டிலிருந்தே ஓதியறிந்தனர். பின்னர்த் தமிழெழுத்துக் கல்வி பரவவே, இதனைப் படிக்கத் தெரிந்தோர் தொகை அருகிற்று.

இந்நூல்களைப் படம்பிடித்து வைத்தால் போதுமே என்பார் உளர். படம் ஏட்டின் உருவத்தைக் காக்கும். அதிலுள்ள சொல்லைக் கணினி தானே அறிந்துகொள்ளாது. அரபி எழுத்தைக் கண்டு அரபியென்று மயங்கும். தமிழைத் தேடுவோர்க்கு அந்நூல் அகப்படாது. படிக்கத் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படித்து, மூல எழுத்திலும் தமிழெழுத்திலும் இணையாகப் பெயர்த்தெழுத வேண்டும். அவ்விணைகளைக் கொண்டே கணினி ஏனைய நூல்களைப் படிக்கப் பழகும்.

இது இயலாத செயலன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் ஊதியம் கருதாது தமிழ் நூல்களைத் தட்டெழுதி உலகுக்கு அளித்தனர். அவர்கள் செய்ததை நம் மதரஸாக்களும் கல்லூரிகளும் ஏன் செய்யலாகாது? கணினிக்குக் கற்பிக்க வல்ல ஆசான்கள் இன்று நம்மிடையே உள்ள முதியவர்களே. அவர்களுடைய நாவில் இவ்வெழுத்து வாழும்போதே இப்பணியைத் தொடங்குவது நம் கடமை.