ரேஸ்கோர்ஸ் நடையும் வள்ளி கும்மியும்

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கோவை ரேஸ்கோர்ஸில் நடக்கிறவர்கள் ஒரு கூட்டம். பொழுது சாய்ந்ததும் ஊர்க் கோயில் திடலில் வள்ளி கும்மி பழகுகிறவர்கள் இன்னொரு கூட்டம். முன்னதை உடற்பயிற்சி என்கிறோம், பின்னதைக் கலை என்கிறோம். ஆனால் இதயமும் நுரையீரலும் பார்க்கும் வேலையை வைத்துச் சொன்னால் இரண்டும் ஒரே இனம். பெரிய தசைகளை இடைவிடாமல் இயக்கி, மூச்சையும் நாடித்துடிப்பையும் உயர்த்தி வைப்பவை. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் எழுதிய நூலால் பரவிய ‘ஏரோபிக்ஸ்’ என்ற சொல் குறிப்பதும் இதையே.

முதலில் அளவு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ரேஸ்கோர்ஸை ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். எட்டி நடந்தால் அரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் கணக்காக வந்துவிடும். நாலு பேர் சேர்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே போனால் அதே சுற்றுக்கு முக்கால் மணி ஆகும், மூச்சும் ஏறாது. எதிரே வருபவரிடம் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்க முடிய வேண்டும், ஒரு பாட்டைப் பாட முடியக்கூடாது. சரியான வேகம் அதுதான்.

கும்மியில் அந்தச் சோம்பலுக்கு இடமில்லை. ஆசிரியரின் பாட்டு வேகமெடுத்தால் காலும் வேகமெடுத்தே ஆக வேண்டும். குனிந்து, நிமிர்ந்து, கைதட்டி, திரும்பி அடி வைக்கையில் காலோடு இடுப்பும் தோளும் வேலை செய்கின்றன. அடி மாறும் இடத்தை மனம் முன்கூட்டியே நினைவில் எடுக்க வேண்டும். 75 வயது கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடல் சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே மறதிநோய் குறைவதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. அது கும்மியை அளந்த ஆய்வல்ல. ஆனாலும் நம் பாட்டிமார் கவனிக்க வேண்டிய செய்தி.

யார் வருகிறார்கள் என்பதிலும் கும்மி ஒரு படி மேல். தனியாக நடைப்பயிற்சிக்குக் கிளம்பக் கூச்சப்படும் கிராமத்துப் பெண்கள், கும்மி என்றால் மகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆண்களே ஆடிவந்த இக்கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன். 2024இல், 87ஆம் வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கும்மி தோற்கும் இடமும் உண்டு. அரங்கேற்றம் முடிந்ததும் பலருக்குப் பழக்கம் நின்றுபோகிறது. உழைக்கும் தசை ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பலன் ஓரிரு நாளில் மங்கத் தொடங்கும். 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவோடு வாழும் நாட்டில் இந்த இடைவெளி சின்ன விஷயமல்ல. நடை வெல்வது இங்கேதான்: அதற்கு மேடையும் வேண்டாம், திருவிழாவும் வேண்டாம்.

ஆகவே, அன்றாட அளவுக்கு நடை. வேகத்துக்கும் நினைவாற்றலுக்கும் உறவுக்கும் கும்மி. மூட்டுவலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். கும்மி ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள்: அரங்கேற்றத்தோடு சேலையை மடித்து வைக்க விடாதீர்கள். வாரம் இரண்டு மாலையாவது திடலில் விளக்கு எரியட்டும்.