பெயர் மாறினால் மருந்து மாறுமா? செம்மறியாட்டுப் புழு மருந்துகளின் வரலாறு

ஹீமோங்கஸ் கன்டார்ட்டஸ் என்னும் உருண்டைப்புழுவின் பெயரிலேயே அதன் தொழில் அடங்கியுள்ளது. 'ஹைமா' என்பது கிரேக்கத்தில் குருதி. செம்மறியின் நான்காம் இரைப்பையில் வாழும் இப்புழு ஒன்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் குருதி இழப்பு. 5,000 புழுக்கள் எனில் கால் லிட்டர். பத்து ஆடுகளே உடைமையான குடும்பத்திற்கு இக்கணக்கு வாழ்வாதாரக் கணக்கு.

இதற்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மயில்துத்தக் கரைசல் புகட்டினர். செம்பின் நஞ்சைத் தாங்கும் ஆற்றல் செம்மறிக்குக் குறைவு. அளவு தவறினால் புழுவோடு ஆடும் மடியும். 1930களின் இறுதியில் பினோதயசின் வந்தது. 1957இல் அதற்கு அடங்காத புழுக்கள் அமெரிக்காவில் பதிவாயின. 1961இல் தையாபெண்டசோல், மூன்றே ஆண்டுகளில், 1964இல், அதற்கும் எதிர்ப்பு. இவ்விரண்டையும் எதிர்த்து நின்ற புழுக்கள் குறித்த இந்திய ஆய்வுக் குறிப்பு 1976இல் வெளிவந்தது. 1981இல் சந்தைக்கு வந்த ஐவர்மெக்டினும் அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் தோற்றது.

மொழியியல் பயின்ற எனக்கு இவ்வரலாற்றில் வியப்பூட்டுவது விகுதிதான். தையாபெண்டசோல், அல்பெண்டசோல், பென்பெண்டசோல்: ஈறு ஒன்றாயின் குடும்பமும் ஒன்று, புழுவின் உடலில் அவை தாக்கும் இடமும் ஒன்று. ஒன்றுக்குப் பழகிய புழு மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பணிவதில்லை. ஆனால் புட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படுவது வணிகப் பெயர். விகுதி சிற்றெழுத்தில் ஒளிந்துகொள்கிறது. சென்ற முறை ஒரு பெயர், இம்முறை வேறொரு பெயர் என வாங்குபவர் மருந்தை மாற்றிவிட்டதாகவே நம்புவார். எடையைக் கண்ணால் மதித்துக் குறைவாகப் புகட்டும் வழக்கமும் சேர்ந்தால், எஞ்சுவன வலிய புழுக்களே.

மந்தை முழுவதற்கும் மருந்து புகட்டி உடனே தூய மேய்ச்சலுக்கு ஓட்டுவது நெடுங்காலம் நல்வழியெனப் போதிக்கப்பட்டது. அதன் விளைவு, புதிய நிலத்தில் மருந்துக்குத் தப்பியவற்றின் வித்து மட்டுமே விழுந்ததாகும். எனவே மருந்து படாத புழுக்கள் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவைக்கும் கொள்கை எழுந்தது. அதற்கு வழங்கும் இலத்தீன் சொல்லின் பொருள் 'புகலிடம்'. பகைவனுக்கு அடைக்கலம் தருவதை மருத்துவ நெறியாக்கிய சொல் வேறு உண்டா என அறியேன்.

ஐவர்மெக்டின் தோல்வியை 1988இல் அறிவித்த வான் வைக், மாலன் இருவரும், பாத் என்பவருடன் இணைந்து, பின்னர் ஒரு வண்ண அட்டையை உருவாக்கினர். கீழிமையைத் தாழ்த்தி, உட்புறச் செம்மையை அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டு, வெளிறிய ஆட்டுக்கு மட்டும் மருந்து தருவது அதன் முறை. மந்தையின் பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளிலேயே குவிந்திருப்பதால் இது பலிக்கிறது. ஃபமாச்சா என்னும் அதன் பெயர், மாலனின் செல்லப்பெயரான 'ஃபாஃபா'வும் குடும்பப்பெயரும் 'அட்டை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் தலைகுறைந்து இணைந்தது. இராசத்தானின் அவிகாநகரிலுள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இம்முறையை ஆராய்ந்துள்ளனர்.

குருதி குடிக்காத புழுக்களை இவ்வட்டை காட்டாது. கண்ணோயால் சிவந்த இமையும் ஏமாற்றும். அவ்விடங்களில் சாணத்திலுள்ள முட்டைகளை எண்ணிப் பார்த்தலே வழி. மருந்து புகட்டிய இரு வாரங்களில் மீண்டும் எண்ணினால், புட்டியிலுள்ள விகுதிக்கு அம்மந்தையில் இன்னும் வலிமை உண்டா என்பதும் தெரியும்.