தேவேந்திரமுனை: கப்பல் ரோடும் திமிங்கிலத்தின் அடுப்படியும்

பெருங்களத்தூர்க்காரங்களுக்கு கன்டெய்னர் லாரி ஒண்ணும் புதுசில்லை. ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வந்ததிலிருந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டலூர் பக்கம் நின்றால் வரிசையாய்ப் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பெட்டிகள் சென்னைக்கோ எண்ணூருக்கோ காட்டுப்பள்ளிக்கோ போய்க் கப்பல் ஏறும் என்பது வரைக்கும் நமக்குத் தெரியும். அதுக்கப்புறம்?

சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா போகிற சரக்கென்றால், இங்கேயிருந்து நேராகப் போனாலும் சரி, கொழும்பில் வேறு கப்பல் மாறினாலும் சரி, இலங்கையின் தென்கோடியைச் சுற்றித்தான் ஆகணும். குறுக்கு வழி கிடையாது. பாக் நீரிணையில் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. அதை வெட்டி ஆழப்படுத்தலாம் என்று 1860-இலேயே டெய்லர் என்கிற ஆங்கிலேய அதிகாரி யோசனை சொன்னார். அது பல கமிட்டிகளைத் தாண்டி, 2005 ஜூலை 2-ந் தேதி மதுரையில் மன்மோகன் சிங் கையால் சேதுசமுத்திரத் திட்டமாகத் தொடக்கவிழா கண்டு, அப்புறம் கோர்ட், ராமர் பாலம், அரசியல் என்று பாதியில் நின்றுபோன கதை எல்லாருக்கும் தெரியும். தூத்துக்குடி - சென்னை பயணத்தில் 424 கடல் மைல் வரை மிச்சமாகும் என்றார்கள். மன்னார் வளைகுடாவின் ஆவுளியாவும் ஓங்கிலும் (டால்பினுக்கு நம்ம கடற்கரையில் இருக்கிற பேர், எவ்வளவு அழகா இருக்கு பாருங்க) என்ன ஆகும் என்று அப்போது சிலர் கேட்டார்கள்.

சரி, அந்த வழி திறக்கவில்லை. அப்போ கப்பல்கள் போகிற அந்தச் சுற்று வழியில் யார் இருக்கிறார்கள்? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

இலங்கையின் தென்கோடி முனைக்கு தேவேந்திரமுனை என்று பேர். இங்கிலீஷ்காரன் டோன்ட்ரா ஹெட் என்பான். 1890 முதல் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் எரிகிறது. 49 மீட்டர் உயரம், இலங்கையிலேயே உயரமானது. ஆனால் அந்த முனையைக் கப்பல்காரர்கள் அடையாளம் வைத்துக்கொண்டது அதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடி. அங்கே தென்னாவரம் என்கிற பெரிய கோயில் ஒன்று இருந்தது. 1344-இல் இபன் பதூதா அந்த ஊருக்குப் போயிருக்கிறார். ஊர் பெரியது, வியாபாரிகள் வாழ்கிறார்கள், கோயிலில் ஆயிரம் பேர் அளவில் பிராமணர்களும் யோகிகளும் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி ஒரு கல்வெட்டு. 1911-இல் காலி நகரத்தில் ஒரு சாக்கடைக்கு மூடியாகக் கிடந்த பலகைக் கல்லை ஒரு எஞ்சினியர் கவனித்தார். புரட்டிப் பார்த்தால் மூன்று மொழியில் எழுத்து: சீனம், தமிழ், பாரசீகம். 1409-ஆம் வருஷத் தேதி. சீனத் தளபதி செங் ஹெ தன் கப்பற்படையோடு வந்தபோது நிறுத்திய கல். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை என்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தை முன்னிட்டுப் பேசுகிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கு என்கிறது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று பட்டியல் ஓடுகிறது. மூணு பேருக்கும் சமமா கொடுத்து யாரையும் பகைச்சுக்காம போன சாமர்த்தியம்! அதைவிட முக்கியம், அந்தக் கடல் வழியில் அன்றைக்குப் போய்வந்தவர்களின் மூன்று மொழிகள் எவை என்பதை அந்தக் கல் சொல்லிவிடுகிறது. கோயிலை 1588-இல் போர்ச்சுகீசியர்கள் இடித்துவிட்டார்கள். கல் கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது.

ஆக அந்த முனையில் கப்பல் போவது நேற்று முளைத்த விஷயமில்லை. அதே தண்ணீரில் இன்னொரு கூட்டமும் இருந்தது. நீலத் திமிங்கிலம்.

அங்கே கண்டத்திட்டு ரொம்பக் குறுகல். கரையிலிருந்து சில கிலோமீட்டர் போனாலே கடல் திடுதிப்பென்று ஆழமாகிவிடும். அதனால்தான் கப்பல் கரையை ஒட்டியே வர முடிகிறது. திமிங்கிலம் வருவதற்கும் அதே சரிவுதான் காரணம். ஆழத்துக் குளிர்ந்த நீர் சத்துக்களோடு மேலே வர, அதில் சின்னஞ்சிறு இறால்கள் பெருகுகின்றன. அதுதான் அதுக்குச் சாப்பாடு. மற்ற கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் கோடையில் துருவப் பக்கம் போய்த் தின்றுவிட்டு, குளிர்காலத்தில் வெதுவெதுப்பான கடலுக்குத் திரும்பும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நம்ம கடலின் திமிங்கிலம் அப்படித் துருவத்துக்கெல்லாம் போவதில்லை. வருஷம் பூராவும் வட இந்தியப் பெருங்கடலிலேயே சுற்றுகிறது. பாட்டுகூட வேறு. ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பாட்டை வைத்தே இந்தக் கூட்டத்தைப் பிரித்து அறிகிறார்கள்.

அண்டார்க்டிகா போகாததால் வேட்டையிலிருந்து தப்பியிருக்கும் என்றுதானே தோன்றும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். 1960-களின் நடுவில் ஒடெஸாவிலிருந்து கிளம்பிய ஸ்லாவா, சோவியத்ஸ்கயா உக்ரைனா என்கிற சோவியத் வேட்டைக் கப்பல் கூட்டங்கள் அண்டார்க்டிகா போகிற வழியில் சூயஸைத் தாண்டி, இந்தப் பக்கத்திலேயே கை வைத்துவிட்டன. சர்வதேச விதிப்படி இங்கே அப்படி வேட்டையாடவே கூடாது. சுமார் 1,300 நீலத் திமிங்கிலங்கள். மேலே பொய்க் கணக்கு அனுப்பினார்கள். சோவியத் யூனியன் உடைந்த பிறகு, 1990-களில், யூரி மிகாலெவ் என்கிற விஞ்ஞானி நிஜக் கணக்கை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1979-இல், செஷல்ஸ் என்கிற குட்டித் தீவு நாடு கேட்டுக்கொண்டதன் பேரில் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயம் ஆகியிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் டியூலிப் என்கிற பாய்மரப் படகில் வந்த ஆராய்ச்சியாளர்கள் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களைப் பார்த்தார்கள். அப்புறம் யுத்தம். எல்லாம் நின்றது.

2003-இல் ஆஷா டி வோஸ் என்கிற இலங்கைப் பெண், ஒடிஸி என்கிற ஆராய்ச்சிக் கப்பலில் போனபோது ஒரே இடத்தில் ஆறு நீலத் திமிங்கிலங்களைப் பார்த்தார். நடுவே தண்ணீரில் செக்கச் செவேலென்று ஏதோ மிதந்தது. திமிங்கில விட்டை! சாப்பிட்டால்தானே விட்டை போடும்? வெப்பக் கடலில் இவை பட்டினி இல்லை, இங்கேயே தின்கின்றன என்று அவருக்குப் பொறி தட்டியது அந்த விட்டையில்தான். (அறிவியல் எங்கேயிருந்தெல்லாம் ஆரம்பிக்குது பாருங்க.)

அடுத்த காட்சி அத்தனை சுகமில்லை. 2012 மார்ச்சில் ஒரு கன்டெய்னர் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்தது. அதன் மூக்கில் குறுக்கே மடிந்து ஒரு நீலத் திமிங்கிலம் செத்துத் தொங்கியது. அந்தப் போட்டோவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இப்படிக் கப்பலோடு ஒட்டிக்கொண்டு கரைக்கு வருவது அபூர்வம். அடிபட்டது பெரும்பாலும் மூழ்கிப்போய் யார் கணக்கிலும் வராது.

அவ்வளவு பெரிய எஞ்சின் சத்தம் கேட்காதா என்று நீங்க கேட்கலாம். எஞ்சினும் விசிறியும் இருப்பது பின்பக்கம். கப்பலின் உடம்பே அந்தச் சத்தத்தை மறைக்க, மூக்குக்கு நேர் முன்னால் ஒப்பளவில் அமைதி. கலிபோர்னியா பக்கம் ஆராய்ந்ததில், கப்பல் நெருங்கும்போது நீலத் திமிங்கிலம் பக்கவாட்டில் விலகுவதில்லை, மெதுவாகக் கீழே அமிழ்கிறது, அவ்வளவுதான் என்று தெரிந்தது. மணிக்கு 35 கிலோமீட்டரில் வருகிறவனுக்கு அது போதாது. பொங்கலுக்கு முன்னாள் ராத்திரி பெருங்களத்தூரில் ஆம்னி பஸ்களுக்கு நடுவே ஜிஎஸ்டி ரோட்டைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமாவது ரெண்டு பக்கமும் பார்த்துக் கடக்கிறோம். அது ரோட்டு நடுவிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

தேவேந்திரமுனைக்குத் தெற்கே போகவரத் தனித்தனித் தடம் வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். தினமும் நூற்றுக்கு மேல் கப்பல். தடம் விழுந்திருப்பது சரியாகத் திமிங்கிலங்கள் கூடுகிற இடத்தில். ருகுணப் பல்கலைக்கழகத்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு கடலில் எண்ணிக் கணக்குப் போட்டு 2016-இல் சொன்னது: தடத்தை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் வரை குறையும். மொத்தப் பயணத்தில் கூடுகிற தூரம் சொற்பம். அதே தண்ணீரில் வலை போடுகிற மீனவர்களுக்கும், மிரிஸ்ஸாவிலிருந்து திமிங்கிலம் காட்டப் போகிற படகுகளுக்கும் நல்லது.

இது நடக்காத காரியமும் இல்லை. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் ரைட் திமிங்கிலங்களுக்காக 2003-இலேயே தடத்தை மாற்றினார்கள். 2007-இல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் கொஞ்சம் திருப்பினார்கள். ஆனால் தடத்தை மாற்ற, சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் கரையோர நாடுதான் போய்க் கேட்கணும். இலங்கை இழுத்தடித்தது. கப்பல் தள்ளிப் போனால் காலி, அம்பாந்தோட்டைப் பக்கம் எண்ணெயும் சாமானும் விற்கிற பிழைப்பு போய்விடுமோ என்கிற கவலை. கடனில் தத்தளிக்கிற நாட்டுக்கு அந்தக் கவலை வருவதைக் கேலி பண்ண எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் பதினைந்து மைல்தானே என்றும் தோன்றுகிறது.

கடைசியில் முதலில் நகர்ந்தது ஒரு கம்பெனி. 2022 நடுவில், உலகின் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி., யார் உத்தரவும் இல்லாமல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. இலங்கையைச் சுற்றி வரும் தன் சின்னக் கப்பல்கள் வேகத்தை 10 நாட்டுக்குள் குறைக்கணும் என்றும் சொன்னது. (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.)

எம்.எஸ்.சி. பெட்டிகள் மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்தோடு இருக்கும். இப்பல்லாம் வண்டலூர் சிக்னலில் நிற்கும்போது கண்ணு தானா மஞ்சள் பெட்டியைத் தேடுது. நேற்று எண்ணினதில் பதினொன்றுக்கு ரெண்டு.