கடற்கரைக்குப் போய் வரும் பழைய வண்டி துரு பிடிப்பது ஏன்? நெய்வேலி வாகன ஓட்டிகள் கவனிக்க வேண்டியவை

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து கடல் 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் இங்கே பல வட்டங்களில் நிற்கும் பழைய கார், ஸ்கூட்டர்களைக் குனிந்து பார்த்தால் மட்கார்டு ஓரத்திலும் கதவின் அடிப்பகுதியிலும் துரு தெரியும். "கடல் இவ்ளோ தூரத்துல இருக்கே, அப்புறம் எப்படி?" என்ற கேள்வி பலருக்கும் உண்டு. துரு எப்படி வருகிறது, எதைச் சரி செய்யலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது? இதோ முழு விவரம்.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இதில் உப்பு கலந்தால் வேகம் பல மடங்கு கூடும். இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு கரைய ஆரம்பித்துவிடும். அதாவது மழையே பெய்யாவிட்டாலும், உப்பு ஒட்டிய தகடு ராத்திரி முழுக்க ஈரமாகவே இருக்கும். இரண்டாவது, உப்பில் உள்ள குளோரைடு துருவுக்கு அடியில் புகுந்து புது இரும்பை அரித்துக்கொண்டே போகும்.

துருவுக்கு இரும்பை விட அதிக இடம் தேவை. அதனால்தான் பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்புகிறது. வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால், உள்ளே அதைவிடப் பெரிய இடம் அரித்திருக்க வாய்ப்பு அதிகம்.

நெய்வேலியில் என்ன பிரச்னை?

கடல் உப்பின் பெரும்பகுதி கரையை ஒட்டிய பகுதியிலேயே படிந்துவிடும். உள்ளே வர வர அளவு குறையும். எனவே வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குக் கடல் காற்று மட்டும் காரணம் இல்லை. கவனிக்க வேண்டியது மூன்று விஷயங்கள்.

* கடற்கரைப் பயணம்: கடலூர் சில்வர் பீச், துறைமுகம், மீன் மார்க்கெட் என்று போய் வரும் வண்டியின் அடியில் உப்பு மணல் ஒட்டும். மீன் கூடையில் இருந்து வடியும் தண்ணீரும் உப்புதான்.
* சாம்பலும் தூசியும்: 1962 முதல் மின் உற்பத்தி நடக்கும் ஊர் இது. பழுப்பு நிலக்கரி எரியும்போது கந்தக டை ஆக்சைடு வெளியாகும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலத்தன்மை வரும். மட்கார்டு இடுக்கில் படியும் தூசி, சேறு, சாம்பல் ஆகியவை ஸ்பாஞ்ச் போல ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.
* வடகிழக்குப் பருவமழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வண்டி முழுசாகக் காய்வதே அபூர்வம்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற வண்டி வெளியே பளிச்சென்று இருந்தாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது இதைக் கேட்டு, தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

பாம்பன் பாலம் சொல்லும் பாடம்

உப்புக் காற்றோடு இரும்பு நடத்தும் போராட்டத்துக்குத் தமிழ்நாட்டின் பெரிய உதாரணம் பாம்பன் ரயில் பாலம். 1914-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் நூறாண்டுக்கு மேல் நின்றதற்குத் தொடர் பராமரிப்பே காரணம். துருவைச் சுரண்டி பெயிண்ட் அடிக்கும் வேலை அங்கே ஓய்ந்ததே இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான 'சிக்ரி' இத்தகைய அரிமானத்தைப் பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்து வருகிறது. பாலமோ பழைய ஸ்கூட்டரோ, விதி ஒன்றுதான்: ஒருமுறை அடித்து மறந்துவிடும் பெயிண்ட் காப்பாற்றாது.

எங்கே தேட வேண்டும்?

2014-ல் உற்பத்தி நின்ற மாருதி 800, அம்பாசிடர் போன்ற கார்கள், பழைய பெட்ரோல் சேத்தக் ஸ்கூட்டர்கள் இன்னும் பலர் வீட்டில் ஓடுகின்றன. இவற்றில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்:

* கதவின் அடி விளிம்பு, அங்குள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகள்
* சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்பக்கம்
* கால் மிதிக்கும் தரைத் தகடு, ரப்பர் மேட்டுக்கு அடியில்
* டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி
* பேட்டரி தட்டு
* கண்ணாடி பீடிங் ஓரம்
* ஸ்கூட்டரில் கால் வைக்கும் தளத்தின் அடிப்பக்கம்

ஒரு சுலபமான சோதனை: சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகடு மேல் நகர்த்துங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டும். பட்டி கனமாகப் போட்டு மறைத்த இடத்தில் ஒட்டாது, அல்லது பிடி தளரும். அடிப்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் சரி. மந்தமாகக் கேட்டாலோ, பொருக்கு உதிர்ந்தாலோ டிங்கரிடம் காட்ட வேண்டும்.

எதை நாமே சரி செய்யலாம்?

மேலோட்டமான துரு என்றால், தகடு இன்னும் கெட்டியாக இருந்தால், வீட்டிலேயே செய்யலாம்.

1. நல்ல தண்ணீரில் கழுவி, முழுசாகக் காயவிடுங்கள். உப்பை முதலில் எடுக்காமல் மேலே என்ன அடித்தாலும் வீண்.
2. வயர் பிரஷ், எமரி ஷீட் கொண்டு பளபளக்கும் இரும்பு தெரியும் வரை தேயுங்கள். துருவைச் சுற்றி நல்ல பெயிண்ட் உள்ள இடத்திலும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.
3. சின்னக் குழிகளில் துரு மிச்சமிருந்தால் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் கலந்த இந்தத் திரவம் துருவைக் கருப்பு நிறப் படலமாக மாற்றும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.
4. தின்னரால் துடைத்து, அன்றே எபாக்ஸி அல்லது ஜிங்க் பிரைமர் அடியுங்கள். தேய்த்த இரும்பை ஒரு ராத்திரி திறந்து விட்டாலே மறுபடி துரு ஆரம்பிக்கும்.
5. தேவைப்பட்டால் பிரைமருக்கு மேல் மெல்லியதாகப் பட்டி, பிறகு பெயிண்ட்.

பலர் ஏமாறும் இடம் இதுதான். துரு மேலேயே நேரடியாகப் பட்டி போட்டால் நாலு மாசம் அழகாக இருக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலம் முடிவதற்குள் அதே இடம் மறுபடி கொப்புளிக்கும்.

எதைத் தள்ளிப்போடக் கூடாது?

ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் சரி. அதிலும் சேஸிஸ், சஸ்பென்ஷன் பொருத்தும் இடம், சீட் பெல்ட் போல்ட் இருக்கும் இடம், பிரேக் பைப் ஆகியவற்றில் துரு என்றால் அது அழகுப் பிரச்னை இல்லை, உயிர்ப் பிரச்னை. அரித்துப்போன பிரேக் பைப் அழுத்தி மிதிக்கும் நேரத்தில்தான் உடையும். அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே நல்லது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்க் அருகே வேலை என்றால் டேங்கை இறக்கிய பிறகே. காலி டேங்க் என்றாலும் உள்ளே உள்ள ஆவி வெடிக்கும். வெல்டிங் முடிந்ததும் தகட்டின் பின்பக்கத்துக்கும் பிரைமர் அடித்தார்களா என்று பார்த்து வாங்குங்கள். முன்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்தால் பின்னால் இருந்து மறுபடி அரிக்கும்.

சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேய்மானத்தால் வரும் துருவுக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் கிடைக்காது. ஆக, செலவு முழுக்க நம் பாக்கெட்டில் இருந்துதான்.

வராமல் தடுக்க...

* கடற்கரை போய் வந்தால் அன்றோ மறுநாளோ அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம்.
* கதவின் வடிகால் ஓட்டைகளைக் குச்சியால் சுத்தம் செய்யுங்கள்.
* மழைக்காலத்தில் ரப்பர் மேட்டை எடுத்துத் தரையைக் காயவிடுங்கள்.
* ஈர வண்டி மேல் பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். உள்ளே ஆவி அடைத்துக்கொள்ளும். காற்றுப் போகும் துணிக் கவர் பரவாயில்லை.
* அண்டர்பாடி கோட்டிங் அடிக்கும் முன் துருவை முழுசாக எடுத்தார்களா என்று பாருங்கள். துரு மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.
* வாட்டர் வாஷ் முடிந்ததும் அடியில் அடிக்கும் டீசல், ஆயில் ஸ்ப்ரே கொஞ்ச நாளுக்குத்தான் தாங்கும். ரப்பர் புஷ்களையும் கெடுக்கும். கதவு, ரன்னிங் போர்டு உள்கூடுகளுக்கு மெழுகு வகை ஸ்ப்ரே மேல்.

இந்த வேலைகளுக்கு ஏற்ற மாதம் செப்டம்பர். வெயில் இருக்கும்போதே தேய்த்து, பிரைமர் அடித்து, காயவைத்து முடித்துவிட்டால் அக்டோபர் மழையில் வண்டியை நிம்மதியாக வெளியே எடுக்கலாம்.