குன்றின்மேல் குளம் கண்டவர்

சரித்திரம் என்றால் அரசர்களின் சரித்திரம் என்றே நாம் நெடுங்காலம் எண்ணி வந்திருக்கிறோம். ஏரி ஒன்று எழுந்தால் அதை வெட்டுவித்த மன்னனின் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். கூடையில் மண் சுமந்தவனின் பெயர் பெரும்பாலும் காற்றோடு போயிற்று. புறநானூற்றில் குடபுலவியனார் என்னும் புலவர், பள்ளமான நிலங்களில் நீரைத் தேக்கி வைப்பவரே நிலைத்த புகழுக்கு உரியவர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எடுத்துரைக்கிறார். அந்த அறிவுரையும் அரசனுக்கே கூறப்பட்டதன்றோ? எந்தப் புலவரும் எடுத்துரைக்காமல், எந்த அரசாணையையும் எதிர்பாராமல், குன்றின்மேல் தம் உழைப்பால் குளம் வெட்டிய முதியவர் ஒருவர் நம் காலத்தில் வாழ்ந்தார். கர்நாடகத்தின் மாண்டியா ஜில்லா, மளவள்ளி தாலுகா, தாசனதொட்டி கிராமத்தைச் சேர்ந்த கல்மனெ காமேகௌடர் அவர்.

அவருடைய வாழ்வின் பொருளை உணர, முதலில் பெங்களூரைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். 1537-ஆம் ஆண்டில் முதலாம் கெம்பே கௌடர் இந்நகருக்குக் கால்கோள் செய்தார் என்பது வழக்கு. அருகில் பேராறு எதுவும் இல்லாத மேட்டு நிலம் இது. ஆதலால் ஏரிகளே நகரின் உயிராக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் வழியே நீர் வரத் தொடங்கியது. ஏரிகளின் மேல் இருந்த கவனம் மெல்ல மெல்லக் குறைந்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரியின் பரப்பில் கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்துவிட்டது.

ஏரிகளை இழந்த நகரத்துக்குக் கைகொடுத்தது மளவள்ளி தாலுகாவே. அங்குள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு, ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு இயந்திரங்களால் ஏற்றப்பட்டு, 1974 முதல் காவிரி நீர் பெங்களூருக்கு வருகிறது. அதற்கு முன்பே, அதே தாலுகாவை ஒட்டிய சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், 1902-இல் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் உழைத்த கோலார் தங்கவயலுக்கும், 1905-இல் பெங்களூரின் தெருவிளக்குகளுக்கும் சென்றது. நகரத்துக்கு ஒளியும் நீரும் ஈந்த அந்தத் தாலுகாவில்தான், ஆடு மேய்க்கச் சென்ற காமேகௌடர், குந்தினி பெட்டா என்னும் குன்றில் விலங்குகளும் பறவைகளும் குடிக்க நீரின்றித் தவிப்பதைக் கண்டார்.

கண்டவர் பலராக இருக்கலாம். குளம் வெட்டத் துணிந்தவர் அவர். முதலில் கையில் கிடைத்த கோலினால் மண்ணைக் கிளறினார். அது போதாது என்று கண்டதும், தம் ஆடுகளில் சிலவற்றை விற்று மண்வெட்டியும் கடப்பாரையும் வாங்கினார். ஆடுகளே செல்வமாக உள்ள குடும்பத்தில் ஆட்டை விற்பது எளிய காரியமன்று. பகலில் மந்தையை மேய்ப்பதும், இடையிடையே மண்ணைத் தோண்டுவதுமாக நாற்பது ஆண்டுகளுக்குமேல் அந்தப் பணி நடந்தது.

அவர் ஏட்டுக் கல்வி கற்றவரல்லர். ஆயினும் குன்றின் சரிவை அவர் கால்கள் அறிந்திருந்தன. பாறைக் குன்றில் பெய்யும் மழை நில்லாது. ஓடி இறங்கிப் பள்ளத்தை அடைந்து மறைந்துவிடும். அந்த ஓட்டத்தை வழியில் மறித்து நிறுத்தினால், மேலே உள்ள குளம் நிரம்பி வழியும் நீர் கீழே உள்ள குளத்தைச் சேரும். கசியும் நீரோ சுற்றியுள்ள மண்ணை ஈரமாக வைத்திருக்கும். நம் முன்னோர் தொடர் ஏரிகளை அமைத்ததும் இந்த முறையில்தான். குளங்களைச் சுற்றி ஆலமரக் கன்றுகளையும் அவர் நட்டார். பாராட்டாக வந்த பரிசுப் பணத்தையும் மீண்டும் குளங்களுக்கே செலவிட்டார்.

2020-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், பிரதம மந்திரி தமது மாத வானொலி உரையில், எண்பது வயதைக் கடந்த இவர் பதினாறு குளங்களை வெட்டியிருப்பதைப் பாரதம் முழுவதும் கேட்கும்படி எடுத்துரைத்தார். அதே ஆண்டில், வாழ்நாள் முழுவதும் கட்டணமின்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டை மாநிலப் போக்குவரத்துக் கழகம் அவருக்கு வழங்கியது. ஆயுளெல்லாம் ஆட்டு மந்தையின் பின்னே நடந்தவருக்கு அது பொருத்தமான மரியாதையே. கொள்ளை நோய்க்காலத்தில் தொற்றுக்கு ஆளாகி, அதிலிருந்தும் மீண்டார். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பதினாறு சிறு குளங்கள் ஒரு மாநகரத்தின் தாகத்தைத் தீர்க்குமா என்று கேட்பவர் உண்டு. தீர்க்கா; அதற்காக அவை வெட்டப்படவும் இல்லை. பெருந்திட்டங்கள் நமக்கு வேண்டியவையே. ஆனால் 2024-ஆம் ஆண்டுக் கோடையில், ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, பெங்களூர் மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிகளுக்காகக் காத்து நின்றதை நாம் கண்டோம். அவ்வாண்டு அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. தொலைவிலிருந்து நீர் வருவது நன்றே. வாசலில் விழும் மழையை மறந்ததே நாம் செய்த பிழை.

இன்னொன்றும் நம் சிந்தனைக்குரியது. வெட்டியவரோடு ஒரு குளத்தின் கதை முடிவதில்லை. ஆண்டுதோறும் வண்டல் சேரும். தூர் எடுக்கக் கை இல்லையானால் குளம் மேடாகும். மேடான குளம் மனையாவதற்கு வெகுகாலம் செல்லாது என்பதற்குப் பெங்களூரே சாட்சி. ஆகவே காமேகௌடருக்கு நாம் செய்யக்கூடிய நினைவுச் சின்னம் சிலையன்று. கோடை வருமுன் நம் ஊர்க் குளத்தின் கரைக்கு ஒரு முறை சென்று, மழைநீர் வரும் கால்வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்து, அடைந்திருந்தால் ஒரு கூடை மண்ணையேனும் எடுத்துப் போடுவோமாக. குடிக்க வரும் ஆடும் குருவியும் யார் வெட்டிய குளம் என்று கேட்பதில்லை. நாமாவது கேட்டறிந்து நினைவில் வைப்போம்.